பசிக்குது என்று நீ சொன்னாய்

மச்சான்,

இன்றைக்குப் பௌர்ணமி. நம் வீட்டுக்கு எதிரே அன்னதானப் பந்தலில் சாம்பார் சாதம் இறக்கிவிட்டார்கள். வாசனை உள்ளே வருகிறது. இப்போதுதான் நான்கு இட்லி தின்று கை கழுவினேன். ஈரம்கூடக் காயவில்லை, வயிறு இழுக்கிறது. எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள்.

மூச்சிரைப்புக்கு மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். விழுங்கினால் பசி, விட்டால் மூச்சு திணறுகிறது. காலமெல்லாம் குச்சியாக இருந்தவன், முகம் ஊதிப்போய் அடுக்களையையே பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். சர்க்கரை ஏறும், ஜாஸ்தி கொடுக்காதீர்கள் என்று டாக்டர் சொன்னதால், மருமகள் பாத்திரங்களை உயரத்தில் வைக்கிறாள். அவள் மேல் தப்பில்லை.

நீ பெரிய உடம்புக்காரன். அரை வயிறு சாப்பிட்டு, ஆறே மாதத்தில் சட்டை தொளதொளக்க இளைத்தாய். பிறகு பழையபடி ஏறிவிட்டது. டாக்டரிடம் கேட்டுவந்து டீக்கடையில் சொன்னாய்: "எளைச்சா, பஞ்சம் வந்துட்டுதுனு ஒடம்பு நெனச்சுக்குமாம்டா. பசிய ஜாஸ்தி பண்ணி, சக்தி செலவ கம்மி பண்ணிடுமாம். மூளையே சோறு கேக்குமாம்."

"மூளையாடா திங்குது? வாய மூடு, எல்லாம் சரியாப் போவும்" என்றேன். கடையே சிரித்தது. நீயும் சிரித்தாய்.

அடுத்த பௌர்ணமிக்கு, உன் நல்லதுக்கென்று நான் ஒரு காரியம் செய்தேன். நீ கிரிவலம் கிளம்புமுன் சைக்கிளில் போய்ப் பந்தல் பந்தலாகச் சொல்லிவைத்தேன்: "எங்க மச்சான் மஞ்சத் துண்டு போட்டுக்கினு வருவான். தட்டு நீட்டினா குடுக்காதீங்க."

மலை சுற்றுகிறவன் கேட்டு, அந்தப் பாதையில் யாரும் இல்லையென்று சொன்னதில்லை. உனக்குச் சொன்னார்கள். ஒருத்தன், "ஒங்களுக்கு மட்டும் தடை பெரியவரே" என்று கரண்டியைத் திருப்பிக்கொண்டான். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். பின்னால் நின்ற என்னைத் திரும்பிப் பார்த்து, "பசிக்குதுடா" என்றாய். திட்டவில்லை.

அதற்குப் பிறகு நீ மலை சுற்ற வரவே இல்லை. கூப்பிட்டால் கால் வலி என்பாய். நீ போய்ச் சேர்ந்த அன்றுகூட, உனக்கு நல்லது செய்தவன் என்ற நினைப்பில்தான் உன் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தேன்.

நேற்று இன்னொரு தோசை கேட்டேன். "இப்பத்தானே சாப்ட்டீங்க மாமா?" என்றாள் மருமகள். ருசிக்குக் கேட்டேன் என்று பொய் சொன்னேன். பசி என்று சொல்ல நா எழவில்லை. நம்பாதவன் எப்படிச் சிரிப்பான் என்று எனக்குத்தான் தெரியுமே.

மருமகள் பேனாவை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். எழுதும்மா என்கிறேன்.

உன்னை நம்ப எனக்கு என் வயிறே வேண்டியிருந்தது, மச்சான். நீ சொன்னதே போதுமாக இருந்திருக்க வேண்டும்.