களத்து வேலியில் கொழும்பு அணிவகுப்பு

ஜனவரி 29, வெள்ளி

காலையில் பனி. பத்து மணிக்குப் பிறகு நல்ல வெயில். கடைசி வயலும் வெட்டியாகிவிட்டது. வீட்டுக்குப் பின்னால் களத்தில் கதிர்க் கட்டுகளைக் குவியலாக அடுக்கிச் சூடு வைத்தாயிற்று. இனி மாடு விட்டு மிதித்து நெல்லைப் பிரிக்க வேண்டியதுதான். என் கைகளில் கீறல் இல்லாத இடம் கிடையாது.

தம்பி பாலனின் கடிதம் வந்தது. "அக்கா, பெப்ரவரி நாலாம் திகதி சுதந்திர தின அணிவகுப்பு. கொடி ஏற்றும்போது ஊதுகுழலைத் தனியாக ஊதப் போகிறவன் நான். றேடியோவில் போகும். அப்பு கேட்பாரா?"

அம்மா அழுதா. பிறகு சிரித்தா. பிறகு கடிதத்தை அரிசிப் பானைக்குள் வைத்தா, மற்றக் கடிதங்களோடு.

அப்பு கேட்கமாட்டார். காணியைப் பார்க்காமல் இராணுவ வாத்தியக் கோஷ்டிக்குப் போன மகனின் பெயரைச் சொல்லி ஒன்றரை வருடம். அன்றைக்குச் சொன்னது, "காத்தை ஊதிச் சீவிக்கப் போறாராம் துரை." அதுதான் கடைசி.

ஜனவரி 31, ஞாயிறு

வெயில். தலை முழுகினேன்.

அணிவகுப்புக் கேட்க வழிகள்:

1. சந்திக் கடை றேடியோ. ஆம்பிளைகள் வளைத்து நிற்பார்கள். அம்மாவும் நானும் அங்கே போய் நிற்பதா?

2. வாய்க்கால்களை மேற்பார்க்கிற நீர்ப்பாசன ஓவசியர் வீடு. ஒரு மைல். அம்மா நடப்பா. அப்பு அசையமாட்டார்.

3. ஓவசியர் வீட்டு றேடியோவை இங்கே கொண்டுவருவது. விசர் யோசனை.

4. கேட்டதாக நினைத்துக்கொள்வது.

மத்தியானம் சாப்பிடும்போது அப்பு அறிவித்தார். "வியாழக்கிழமை சூடு மிதிக்கிறம். நல்ல நாள்."

வியாழன் நாலாம் திகதி!

"புதனும் நல்ல நாள்தானே," என்று அம்மா.

"புதன் எனக்குச் சரிவராது."

அப்புவுக்கு விஷயம் தெரியும். அரிசிப் பானைக்குள் கை விட்டிருக்கிறார் என்று சந்தேகம். வாசிக்கத் தெரியாதவர், ஆனால் தபால்காரனிடம் வாய் கொடுத்தால் எல்லாம் வரும். கோபத்தில் இரண்டு அகப்பை சோறு கூடச் சாப்பிட்டேன்.

பெப்ரவரி 2, செவ்வாய்

ஓவசியர் வீட்டுக்குப் போனேன். ஓவசியர் வவுனியாவுக்குப் போய்விட்டார், வெள்ளிதான் வருவாராம். அவருடைய மனைவி ராசம்மாக்கா மட்டும். மூன்றாவது வழியைச் சும்மா பகிடியாகத்தான் சொன்னேன்.

"அதுதான் சரி, தங்கச்சி. வண்டில் கொண்டு வா. அவர் வாறதுக்குள்ளை திருப்பி வைச்சிடுவம்."

"பெட்டி உடைஞ்சால்?"

"உடைஞ்சால் நானும் உங்கடை வீட்டிலைதான் இருப்பன். அவர் என்னை உள்ளை விடமாட்டார்."

ஒரே கரைச்சல், பற்றறி. செங்கல் அளவில் ஒரு பொட்டலம், அது சாகக் கிடக்கிறது. அக்கா இரண்டு நாளைக்குப் பாட்டுக் கேட்பதில்லை என்று விரதம். வெயிலில் வைத்தால் கொஞ்சம் உயிர் வருமாம். பாயில் பனங்கிழங்கு ஒடியல் காய்வது போல் பற்றறி காய்ந்தது, காகம் கொத்தாமல் நான் காவல்.

பெப்ரவரி 3, புதன்

வண்டிலில் வைக்கல் பரப்பி, அதற்கு மேல் தலையணை, அதற்கு மேல் றேடியோ, அதைப் பிடித்துக்கொண்டு ராசம்மாக்கா. பிள்ளை பெறப் போகிறவளைக்கூட இந்த வழியில் இவ்வளவு மெதுவாகக் கொண்டுபோனதில்லை. விறாந்தையில் மேசை போட்டு வைத்தோம். வேப்பமரத்தில் ஏரியல் கம்பி கட்டியாயிற்று.

அப்பு பார்த்தார். போய் மாட்டுக்குத் தவிடு கரைத்தார்.

பின்னேரம் கந்தையா அம்மான் வந்தார். இந்தப் பக்கத்துப் பழைய ஊர்க்காரர். சூடு மிதிப்பில் அவர் வைத்ததுதான் சட்டம். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய நாங்கள் அவரிடம்தான் படித்தோம். களத்தில் செருப்புக் கூடாது. "இல்லை", "காணாது", "முடிஞ்சுது" போன்ற குறைச் சொல் கூடாது. "பொலி" என்று நெல் பெருகச் சொல்லி நடக்க வேண்டும். மாட்டைத் தொடக்கினால் சூடு மிதிபட்டு முடியும்வரை நிற்பாட்டக் கூடாது. நிற்பாட்டினால் விளைச்சல் நின்றுபோகும்.

றேடியோவைக் கண்டதும், "உது களத்துக்குக் கேக்கப்படாது. உதுக்குள்ளை இருக்கிறவன் 'இல்லை' எண்டு சொன்னால் ஆர் பொறுப்பு?"

நியாயம்தான். பற்றறிக்காகச் சத்தத்தைக் குறைத்துத்தான் வைப்போம் என்றேன்.

அம்மா ஓர் ஏற்பாடு சொன்னா. பாலன் ஊதும் நேரம் நான் வேலியில் வெள்ளை வேட்டியைப் போடுவது. களத்தில் இருந்தே தெரியும். யாருக்குத் தெரிய வேண்டும் என்று அம்மா சொல்லவில்லை.

படுக்கப் போகும்முன் அப்பு கூரையைப் பார்த்துக் கேட்டார். "உந்தப் பெட்டி எத்தினை மணிக்குக் கத்தும்?"

"எட்டுக்கு, அப்பு."

"மாடு மிரளும். அதுக்குத்தான் கேட்டனான்."

பெப்ரவரி 4, வியாழன்

வெயில். காற்று இல்லை. விடிய மாடு தொடக்கினார்கள். நாலு எருமை, பின்னால் அப்பு, அவருக்குப் பின்னால் கந்தையா அம்மான். பொலி, பொலி.

எட்டு மணிக்கு விறாந்தை நிறைந்துவிட்டது. பக்கத்துக் காணிப் பெண்கள், மடியில் பிள்ளைகள். றேடியோ கரகரத்தது. பிறகு தமிழில் ஒரு குரல். குதிரைகள் வருகின்றன. கடற்படை வருகிறது. வெள்ளைச் சீருடை. கடலும் குதிரையும் காணாத பிள்ளைகள் றேடியோவின் பின்பக்கம் போய் எட்டிப் பார்த்தன. ராசம்மாக்கா கண்ணை மூடிக்கொண்டு, "நல்லாத் தெரியுது, நல்லாத் தெரியுது," என்றா.

எனக்கும் தெரிந்தது. கண்ணால் பார்த்திருந்தால்கூட இவ்வளவு தெரிந்திருக்காது.

குரல் தேய ஆரம்பித்தது. பற்றறி! அம்மா றேடியோவின் தலையில் கை வைத்தா, காய்ச்சல்காரப் பிள்ளைக்கு வைப்பது போல. "கொடி ஏற்றப்படுகிறது…" நான் வேலிக்கு ஓடினேன். வேட்டியைப் போட்டேன்.

அப்பு பார்த்தார்.

மாட்டை நிற்பாட்டினார்.

நாலு எருமையும் நின்றன. கந்தையா அம்மானின் வாய் திறந்தபடி. எங்கள் குடியேற்றக் கொலனியே அசையாமல் நின்றது போல் இருந்தது. அந்த அமைதியில் விறாந்தையிலிருந்து அந்த ஊதல் வந்தது, மெல்லியதாக, நீளமாக, ஒரு இடத்திலும் உடையாமல். அப்பு தலைப்பாகையைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார்.

முடிந்தது. றேடியோவும் செத்தது.

"பொலி!" என்று அப்பு கத்தின சத்தத்துக்கு எருமைகள் துள்ளின.

கந்தையா அம்மான் அவரைத் திட்டவில்லை. பின்னேரம் நெல்லைக் கூட்டிக் குவித்த பிறகு, "குறைவு இல்லைப் போல கிடக்கு," என்றார். களத்தில் நின்று "இல்லை" சேர்த்துச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்தார். நான் அடக்க முடியாமல் சிரித்தேன்.

பெப்ரவரி 6, சனி

றேடியோ பத்திரமாக வீடு சேர்ந்தது. ஓவசியர் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை, பற்றறி செத்ததற்கு மட்டும் கம்பனியைத் திட்டினாராம்.

அப்பு சந்திக்கு மூன்று தரம் போய்வந்தார். தேவையில்லாத சாமான்கள்: ஒரு நெருப்புப்பெட்டி, ஒரு நெருப்புப்பெட்டி, கொஞ்சம் உப்பு. அங்கே அவர் சொல்லுகிற கதை ராசம்மாக்கா மூலம் வந்தது. "என்ர பெடியன் பாலன் ஊதினதிலை ஒரு பிசிறு இருந்ததோ? மூச்சைப் பார். வயலிலை வளந்த மூச்சு."

பாலன் என்று சொல்லிவிட்டார்! அம்மா இன்றைக்குப் பாயாசம் வைத்தா, காரணம் சொல்லாமல்.

பெப்ரவரி 10, புதன்

மப்பு வானம். நெல் காயப்போடவில்லை.

பாலனின் கடிதம். இரண்டு தரம் வாசித்தேன். மூன்றாம் திகதியே கூகைக்கட்டாம். இரண்டு கன்னமும் வீங்கிப் பூசணிக்காய். ஆசுப்பத்திரியில் படுத்திருந்திருக்கிறான். ஊதினது கண்டிப் பக்கத்துப் பெடியன் ஒருவன். "நல்ல காலம், அப்பு கேட்டிருக்கமாட்டார். கேட்டிருந்தால் வெட்கம்."

கடவுளே.

அம்மாவுக்கும் எனக்கும் ஒரே முடிவு. மறைப்பது.

பெப்ரவரி 11, வியாழன்

மறைக்க முடியவில்லை. தபால்காரன் சந்தியில் வைத்து, "ஊதுகுழல்காரன்ர கடிதம் நேற்றுக் குடுத்தனானே!" என்று அப்புவிடம் சொல்லிவிட்டான். அப்பு வந்து கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். தோளில் சால்வை வேறு.

"வாசி பிள்ளை."

ஒன்றரை வருடத்தில் முதல் தரம். தொடங்கினேன். "அன்புள்ள அக்காவுக்கு, நான் நல்ல சுகம். அணிவகுப்பில் நன்றாக ஊதினேன்…"

"அம்மா ஏன் அழுகிறா?"

திரும்பிப் பார்த்தேன். அம்மா அடுப்படி வாசலில், வாயில் சீலைத்தலைப்பு.

"உள்ளதை வாசி."

வாசித்தேன். கன்னம், ஆசுப்பத்திரி, கண்டிப் பெடியன், வெட்கம், எல்லாம். அப்பு நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். சந்தி முழுக்கச் சொன்ன மனிதன். இனி அந்தப் பெயர் இந்த வீட்டில் எப்போது கேட்குமோ என்று நினைத்தேன்.

"ஆசுப்பத்திரியிலை ஆர் பாக்கிறது அவனை?"

"தெரியாது, அப்பு."

"பேனையை எடு. எழுது. நீ ஊதுறாய் எண்டு நினைச்சு, சூடு மிதிச்ச மாட்டை நிப்பாட்டினனான் எண்டு எழுது."

"மிச்சம்?"

"மிச்சம் அவனுக்கு விளங்கும். வயல் கமக்காரன்ர பெடியன்தானே." பிறகு, "சந்தியிலை ஒருத்தருக்கும் மூச்சு விடாதை. கண்டிப் பெடியனும் நல்லாத்தான் ஊதினவன்."

எழுதி முடித்துக் காட்டினேன். தலைகீழாகப் பிடித்து வெகுநேரம் பார்த்தார். தபால் பெட்டியில் போடவா என்று கேட்டேன். வேண்டாமாம், தானே அவன் கையில் கொடுக்கப் போகிறாராம். கிளிநொச்சியில் கொழும்பு ரயில் எத்தனை மணிக்கு என்று கேட்கிறார். பாலனுக்குக் கொடுத்துவிட அம்மா புது நெல் குத்துகிறா. உலக்கை ஒன்றுதான், என்றாலும் என்னையும் கூப்பிடுகிறா.