மூச்சு முட்டிய கழி

சத்தியவேடு,
ஆனி மாதம், 1960

என் கண்ணான மகளுக்கு,

நீயும் மாப்பிள்ளையும் திருப்பதியில் நலமென்று நம்புகிறேன். நேற்று பழவேற்காட்டு உப்பங்கழிக்குப் போய்வந்தேன். இன்னும் என் கோபம் அடங்கவில்லை.

கழியில் மீன்கள் செத்து மிதக்கின்றன. மீனவன் எத்திராஜு விஷம் கலந்தான் என்று மாப்பிள்ளை போலீஸில் எழுதிக் கொடுத்தாராம்; அவனை ஸ்டேஷனில் அடைத்துவிட்டார்கள். மாநில எல்லை பிரித்தது இந்த வருஷம்தான். அதற்குள் அந்தப் பக்கத்துக்காரன் அயலானாகிவிட்டான்!

"தண்ணியில மருந்து ஊத்திட்டு நான் இன்னாத்த துன்றது, வாத்தியாரே? மீனு இன்னா, பார்டர் பாத்தா நீந்திக்கினு போவுது?" என்று ஸ்டேஷன் கம்பிக்குப் பின்னாலிருந்து எத்திராஜு சிரித்தான். கன்னம் வீங்கியிருந்தது.

மூடிய அறைக்குள் ஊரையே உட்காரவைத்தால் மூச்சு முட்டுமல்லவா? அப்படித்தான் இந்த மீன்களுக்கும். கயிறு திரிக்க ஊறப்போட்ட தேங்காய் மட்டைகள் அழுகிச் சேற்றில் படிகின்றன. அதைத் தின்னக் கூட்டமாய்ச் சேரும் கிருமிகள் தண்ணீரின் பிராணவாயுவை எல்லாம் இழுத்துக்கொள்கின்றன. மட்டைக் குவியலருகே சேறு கறுத்து, அழுகிய முட்டைபோல நாறியது. அங்கே வாய் பிளந்து தவித்த ஒரு மடவை மீனைக் கடல் தண்ணீர் நிரப்பிய அண்டாவில் விட்டேன். சற்று நேரத்தில் நீந்தியது. விஷம் குடித்த மீன் அப்படிப் பிழைக்குமா?

மட்டைகள் யாருடையவை என்று நான் கேட்கவில்லை. அந்தக் கரையில் கயிற்று வியாபாரம் செய்பவர் ஒருவர்தான், அம்மா.

வெள்ளிக்கிழமை ஸ்டேஷனில் இதைச் சொல்லப்போகிறேன். யாருடைய மட்டை என்று இன்ஸ்பெக்டர் கட்டாயம் கேட்பார். அதற்குள் மாப்பிள்ளையே வந்து சொல்லட்டும். வராவிட்டால் நான் சொல்வேன். அப்புறம் நீ என்னோடு பேசாமல் போனாலும், நான் சொன்னது சொன்னதுதான்.

உன் அப்பா