பாதி விலைக்குக் கிடைத்த சனிக்கிழமை

யேசு மரி சூசை

குண்டசாலை,
ஜனவரி 20

அன்பு மகள் ஜெசிந்தாவுக்கு அம்மா எழுதுவது, மடுமாதா காவலில் நீ அங்கே நன்றாக இருப்பாய் என்று நம்புகிறேன், இங்கே நானும் உன் மகள் றொசானாவும் சுகம், என் முழங்காலை மட்டும் அதில் சேர்க்காதே. ஹுன்னஸ்கிரிய சஞ்சீவனி லீவு முடிந்து வெள்ளிக்கிழமை குவைத்துக்குத் திரும்புகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் நீ அழுகிறாய், நானும் சொல்ல வந்ததை விட்டுவிட்டுச் சாப்பிட்டாயா என்று கேட்டு வைத்துவிடுகிறேன். அஞ்சாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து, பிழை இருந்தால் நீயே திருத்தி வாசித்துக்கொள்.

றொசானாவின் கல்யாண மண்டப விஷயத்தை உன்னிடம் பாதிதான் சொன்னேன். மாப்பிள்ளை கிஷானின் அப்பா சுவக்கின் ஒரு நாள் கெலிஓயாவிலிருந்து த்ரீவீலரில் வந்து இறங்கினார், ஆற்றோரத்து ஹோட்டல் ஒன்றில் மார்ச் கடைசிச் சனிக்கிழமை பாதி விலைக்குக் கிடைக்கிறது, இன்றைக்கே பிடிக்காவிட்டால் போய்விடும் என்றார். நானும் கூடப் போய்ப் பார்த்தேன், கண்ணாடிக் கதவு, கதிரைக்கெல்லாம் வெள்ளைச் சட்டை போட்டு முதுகில் முடிச்சுக் கட்டியிருந்தார்கள். தேயிலைக் கொழுந்தெடுத்த கையால் வளர்த்த பிள்ளைக்கு இங்கே கல்யாணம் என்று நினைத்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை, நீ அனுப்பியிருந்த காசை எடுத்து அட்வான்ஸ் கட்டிவிட்டேன். வருகிற வழியில் பஸ்ஸிலேயே தெரிந்தவர்கள் நாலு பேரிடம் முந்நூறு பேருக்குச் சாப்பாடு என்றும் சொல்லிவிட்டேன். அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும் ஃபாதரிடம் தேதியைச் சொன்னேன். அவர் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். “லூர்தம்மா, நீங்க தவக்காலத்துக்கு நடுவுல கல்யாணம் கேக்குறீங்க. பீடத்துல பூ இல்ல, விருந்து இல்ல, சம்மதமா?” என்றார். ஐம்பது வருஷமாக ஒரு சிலுவைப்பாதையையும் விடாதவள் நான், எனக்கே அது தோன்றவில்லை. சுவக்கினோ கோயிலில் பாடற் குழுவுக்குத் தலைவர், அவருக்கும் தோன்றவில்லை பார். பிறகு ஹோட்டலில் விசாரித்தால், அந்தக் கிழமை சிங்கள ஆட்களுக்கு நல்ல நேரம் இல்லையாம், நம் ஆட்களுக்குத் தவக்காலம், அதனால் மண்டபம் சும்மா கிடந்திருக்கிறது, அதுதான் பாதி விலை. கட்டிய அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டார்களாம், மே மாதம் வேண்டுமானால் முழு விலைக்குத் தருவார்களாம்.

அட்வான்ஸ் போனதைப் போனில் சொன்ன அன்றுதான் நீ, வேலை வீட்டு மேடம் முன்பணம் தருவாள், இன்னும் இரண்டு வருஷத்துக்கு அக்ரிமென்டில் கையெழுத்துப் போடுகிறேன், லீவு மட்டும் இப்போது தர மாட்டார்கள், கல்யாணத்தை வீடியோவில் பார்த்துக்கொள்கிறேன் என்றாய். நான் சரி என்றேன். முந்நூறு பேர் என்று வாயை விட்டுவிட்டேனே, அந்த வெட்கத்தில் வந்த சரி அது. இன்றைக்கு அதைத் திருப்பி வாங்கிக்கொள்கிறேன். நீ பேசியது ஸ்பீக்கரில் றொசானாவுக்கும் கேட்டது. அவள் அழைக்கிறவர்கள் பேர் எழுதிய கொப்பியை மூடி அலுமாரியில் வைத்தாள். மூன்றாம் நாள் எனக்கு முழங்காலுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே சொன்னாள், “அம்மாச்சி, கோயில் வாசல்லேருந்து என்னைக் கூட்டிட்டுப் போறது அம்மாதான். அம்மா வரலேன்னா நான் தனியா நடந்து போறேன், வேற யாரும் கையைப் பிடிக்க வேணாம்.” அப்பா இல்லாத பிள்ளை, வேறு யாரைக் கேட்பாள்.

அதனால் புதன்கிழமை காலையிலேயே பஸ் ஏறி, கண்டியில் மாறி, கெலிஓயாவுக்குப் போனேன். சுவக்கின் வீட்டுப் படிக்கட்டு உனக்குத் தெரியாது, முப்பத்தொரு படி, நடுவில் இரண்டு தரம் நின்றேன். வழியெல்லாம் பெரிய பேச்சு யோசித்து வைத்திருந்தேன், வாசலுக்குப் போனதும் எல்லாம் போய்விட்டது. எங்களுக்கு ஹோட்டல் முடியாது, நீங்கள் மறுநாள் மாப்பிள்ளை வீட்டில் வைக்கிற ஹோம்கமிங் விருந்தும் வேண்டாம், இரண்டையும் ஒரே நாளில் கோயில் மண்டபத்தில் முடித்துக்கொள்வோம், செலவு பாதிப் பாதி என்று நின்றபடியே சொல்லிவிட்டேன். அவர் முகம் இறுகிவிட்டது, ஊரில் என்ன சொல்வார்கள் என்றார். அட்வான்ஸ் போனதுக்குச் சொல்வதைவிடக் கூடுதலாக ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றேன். அதற்குள் அவர் மனைவி டொரதி தேத்தண்ணியோடு வந்து, “உக்காருங்கக்கா. இந்த மனுசன் ஹோம்கமிங்குக்கு லோன் போட ஓடுறாரு, யாராவது வந்து நிப்பாட்ட மாட்டாங்களான்னு நான் நொவேனா சொல்லிக்கிட்டு இருந்தேன்” என்றாள். அவரோ நான் குடித்து முடிக்கும்வரை கதிரையில் ஓரமாக உட்கார்ந்து நகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார், கடைசியில் பாட்டுக்காவது நான் குறை வைக்க மாட்டேன் என்றார். அதுதான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன், பாவம் நல்ல மனுசன்.

ஈஸ்டர் கழித்துப் பதினொரு நாளில் ஒரு வியாழக்கிழமை காலை பூசையோடு கல்யாணம், ஃபாதர் எழுதிவிட்டார். வியாழன் என்றால் மண்டபம் சும்மா கிடக்கும், இந்தத் தரம் காலண்டரை நானே இரண்டு தரம் பார்த்தேன். கல்யாண அறிவிப்பு ஓலையைக் கோயிலில் மூன்று ஞாயிறும் வாசித்துவிடுவார்கள், அதில் உன் பேர் வரும். எண்பது பேர். கெலிஓயாச் சமையல்காரர் இப்ஹாம் புரியாணி ஆக்கித் தருவார், பிளேட் எல்லாம் அவருடையது. மேசையில் நிற்கிற நாலு அடுக்குக் கேக் வாடகைதான், வெட்டுகிற ஒரு துண்டைத் தவிர உள்ளே எல்லாம் டிவி பெட்டிக்குள் உடையாமல் வைக்கிற ரெஜிபோம், எல்லாக் கல்யாணத்திலும் அப்படித்தானாம், நான் இத்தனை வருஷம் தெரியாமல் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். கொடுக்கிற கேக்கை டொரதியும் நானும் வீட்டிலேயே செய்து பெட்டியில் போடுவோம். வெள்ளைச் சேலை வாங்கியாகிவிட்டது, பிள்ளைக்கு அழகாக இருக்கிறது. முந்நூறு பேர் என்று சொன்னவர்களிடம் ஒவ்வொருவராகப் போய் இல்லை என்று சொல்லிக்கொண்டு வருகிறேன், சிலர் முகத்தைத் திருப்புகிறார்கள், திருப்பட்டும். களைப்பாக இருக்கிறது மகளே, ஆசைப்பட்டது அட்வான்ஸ் கட்டியது எல்லாம் நான்தான், யாரையும் குறை சொல்ல முடியாது.

அக்ரிமென்ட் மார்ச்சோடு முடிகிறது, முடித்தவர்களுக்கு மேடம் டிக்கெட் தர வேண்டும் என்று சஞ்சீவனி சொல்கிறாள். புதிதாக ஒன்றிலும் கையெழுத்துப் போடாதே. போட்டிருந்தால் உடனே சொல், ஆனால் போட்டிருக்க மாட்டாய் என்று வேண்டிக்கொண்டுதான் எழுதுகிறேன். சாமான் ஒன்றும் கொண்டுவராதே, சென்ட் போத்தலும் வேண்டாம், உனக்கு ஒரு நல்ல சேலை மட்டும் கொண்டுவா. பதினொரு வருஷம் உன் இடத்தில் நான் நின்றேன், உறுதிபூசுதலுக்கு நின்றேன், பள்ளிக்கூடக் கூட்டத்துக்கு நின்றேன், ஆஸ்பத்திரியில் நின்றேன். ஒரு நாளும் உன்னிடம் சொல்லிக் காட்டியதில்லை. இதற்கு மட்டும் நிற்க மாட்டேன். கால் வலி என்று வைத்துக்கொள். நான் முன் பெஞ்சில் உட்கார்ந்திருப்பேன், வாசலில் பிள்ளை உனக்காக நிற்பாள்.

இரவில் செபமாலை சொல்லாமல் படுக்காதே, வெந்நீர் குடி. ஆண்டவர் உன்னைக் கைப்பிடித்து வீடு வரைக்கும் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உன் வரவைப் பார்த்திருக்கும் அம்மா,
அ. லூர்தம்மா