பெப்பர் விழமாட்டான்

அன்பு மகன் லைமனுக்கு, அம்மா சொல்லத் தங்கை வெல்டா எழுதுவது. அம்மாவின் வலது கையில் கட்டு, அதனால் பேனா என்னிடம். நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதுவேன், அம்மா எழுதாமல் விடச் சொல்வதையும் சேர்த்து. இங்கே நாங்கள் சுகம், கோழிகள் சுகம், நீ விட்டுப்போன குதிரை பெப்பரும் சுகம். வடக்கே அணைக்கட்டு வேலையில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்கிறாய் என்று நம்புகிறோம்.

சினிமாக்காரர்கள் மறுபடி வந்து செம்பாறைக்குக் கீழே கூடாரம் போட்டிருக்கிறார்கள். வழக்கமான கதைதான், ஷெரீப் கொள்ளைக்காரர்களைத் துரத்துகிறார். ஆளுக்குப் பஞ்சம் என்பதால் நம் ஊர்க்காரர்களே காலையில் கொள்ளைக்காரர்களாகக் கறுப்புத் தொப்பியில் ஓடுகிறார்கள், மத்தியானம் ஷெரீப்பின் ஆட்களாக வெள்ளைத் தொப்பியில் தங்களையே துரத்துகிறார்கள். பக்கத்துப் பண்ணை ஆர்வல் மாமா தன்னைத் தானே சுட்டுப் பிடித்துவிட்டதாக ஊரே சிரிக்கிறது. பெப்பரை ஓட்டத்துக்கு மட்டும் கேட்டார்கள். பதிலுக்குத் தங்கள் ஜெனரேட்டரிலிருந்து கம்பி இழுத்து நம் சமையலறையில் ஒரு பல்பு மாட்டிக் கொடுத்தார்கள். அண்ணா, அதன் கீழே நான் புத்தகம் புத்தகமாகப் படித்தேன்.

இன்று படப்பிடிப்பு பார்க்கப் போனோம். ஆர்வல் மாமா கறுப்புத் தொப்பியோடு பெப்பர் மேல் இருந்தார். பெப்பரின் முன்னங்கால்களில் தோல்பட்டை கட்டியிருந்ததை அம்மாதான் முதலில் பார்த்தாள். பட்டையிலிருந்து மெல்லிய இரும்புக் கம்பி போய், மணலில் புதைத்த கட்டையில் முடிந்தது. குதிரை முழு வேகத்தில் வரும்போது கம்பி தீர்ந்து இழுக்கும், குதிரை தலைகுப்புற விழும். பார்க்க அசலாக இருக்குமாம். போன வருஷம் மாமாவின் சாம்பல் குதிரை அப்படி விழுந்து எழவே இல்லை. அம்மா ஓடிப்போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பெப்பர் மிரண்டு இழுத்ததில் உள்ளங்கை கிழிந்தது, ஆனாலும் விடவில்லை. (இதைத்தான் எழுதாமல் விடச் சொன்னாள்.) மேனேஜர் ஸ்டோக்ஸ் வெயில் போகிறது, நகருங்கள் என்று கத்தினார். அம்மா சட்டையில் ஷெரீப் நட்சத்திரம் குத்திய கதாநாயகனிடம் திரும்பினாள்.

“ஏம்ப்பா ஷெரீப்பு, அநியாயத்தத் தட்டிக் கேக்கத்தானே நீ இருக்க? வந்து கேளு.”

“இது வெறும் தகரம்மா,” என்றார் அவர், தன் பூட்ஸைப் பார்த்துக்கொண்டு.

ஆர்வல் மாமாதான் இறங்கிப் பட்டையை அவிழ்த்தார். “நேத்து மத்தியானம் நான் ஷெரீப்பு ஆளு. அதுல கொஞ்சம் மிச்சம் இருக்கு,” என்றார்.

அப்படியானால் பல்பும் கிடையாது, இன்று ராத்திரியே விளக்குக் கம்பியை எடுத்துவிடுவோம் என்றார் ஸ்டோக்ஸ். அம்மா என்னைப் பார்த்தாள். நான் சரி என்று தலையாட்டினேன்.

“கழட்டிக்கோ. சூரியன் ஒன்னும் உங்க கம்பெனி ஆளு இல்ல,” என்றாள் அம்மா.

எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதினால் பொய். ஆனால் பெப்பர் இப்போது ஜன்னலில் தலையை நீட்டி இந்தக் காகிதத்தை மோந்து பார்க்கிறான். நான்கு காலில் நிற்கிறான்.

யாரோடும் வம்புக்குப் போகாதே என்று அம்மா எழுதச் சொல்கிறாள். அவள் சொல்வதால் எழுதுகிறேன். கம்பளிக் காலுறையை ஈரத்தோடு போடாதே. கடவுள் உன் கைகால்களைக் காப்பாற்றட்டும், நீ தலைநிமிர்ந்து வீடு வந்து சேரவேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா லவீனியா

மேலே உள்ள கோணல் கையெழுத்து அம்மாவின் இடது கை போட்டது. இந்த வரியின் கோணல் என்னுடையது, விளக்கை அணைத்துவிட்டார்கள்.