நான்காவது மூச்சு

உத்திரமேரூர்
12-1-1979

அன்புள்ள தங்கை ஜெயம்மாளுக்கு,

வேதாசலம் எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம். மாப்பிள்ளையின் முழங்கால் வலி குறைந்ததா?

காஞ்சிபுரம் டாக்டர் என் ரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, மாத்திரையோடு இன்னொன்றும் சொன்னார். தினமும் பத்து நிமிஷம் கண்ணை மூடி உட்கார்ந்து மூச்சை எண்ண வேண்டும். பத்து வரை போய், மறுபடி ஒன்று. நடுவில் வேறு நினைப்பு வந்தால் அதை விட்டுவிட்டு ஒன்றிலிருந்து தொடங்க வேண்டும். மந்திரம் ஏதுமில்லை.

எனக்குப் பத்து நிமிஷம் எங்கே இருக்கிறது? ஏரி மதகு திறந்தாயிற்று. யார் கழனிக்கு எத்தனை மணி நேரம் தண்ணீர் என்று முறை பார்ப்பது இந்த வருஷமும் நான்தான். அதனால் மதகடியிலேயே துண்டை விரித்து உட்கார்ந்தேன். மணி பார்க்கும் ஆசை வரக் கூடாதென்று கைக்கடிகாரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டேன். அதுதான் தப்பு. வாய்க்காலில் தண்ணீர் திருப்பும் காசி வந்து உலுக்கினான்.

"இன்னா நைனா, ஒக்காந்துகினே தூங்கறியா? எல்லப்பன் முறை முடிஞ்சி அரை மணி ஆச்சி. தண்ணி இன்னும் அவன் கயனிக்கே போய்க்கினு கீது!"

எல்லப்பன் வரப்பில் நின்று சிரித்தான். "எயுப்பாத காசி! பெரியவரு தெனம் இப்பிடியே ஒக்காரட்டும். என் பயிரு ஒரு சாண் ஒசந்துடும்."

எட்டு நாளாக முயல்கிறேன். மூன்றுக்கு மேல் எண்ண முடியவில்லை. இந்த வயதில் இது எனக்கு ஆகிற காரியமா, தெரியவில்லை.

உன் அண்ணன்,
வேதாசலம்


தென்னேரி
20-1-1979

அன்புள்ள அண்ணாவுக்கு ஜெயம்மாள் வணக்கம்.

உங்கள் கடிதத்தை இவருக்குப் படித்துக் காட்டினேன். "உங்க அண்ணன் காவி கட்டிக்கினு கெளம்பறதுக்குள்ள போயி பாத்துட்டு வந்துடு" என்கிறார். பேச்சைப் பாருங்கள்.

இங்கே அறுவடை. களத்தில் நெல், வாலாஜாபாத் மில்லுக்கு வண்டி, போதாததற்கு மாடு கன்று போட்டிருக்கிறது. எனக்கு மூச்சு விடவே நேரமில்லை, நீங்கள் அதை எண்ணிக்கொண்டு வேறு இருக்கிறீர்கள்! ஆனாலும் விட்டுவிடாதீர்கள். நேற்றுப் பால் கறக்கும்போது நானும் எண்ணினேன். ஏழு வரை வந்தது. அப்புறம் மாடு உதைத்தது.

பொங்கல் புடவை வந்து சேர்ந்தது. அம்மா போன பிறகு ஒரு வருஷம்கூட நீங்கள் தவறவிட்டதில்லை.

உங்களுக்கு மட்டும் மூன்றோடு ஏன் நிற்கிறது? அந்த இடத்தில் என்ன நினைப்பு வருகிறது? எனக்குச் சொல்லக் கூடாததா?

ஜெயம்மாள்


உத்திரமேரூர்
3-2-1979

அன்புள்ள ஜெயம்மாளுக்கு,

இந்தக் கடிதத்தை ஐந்து முறை எழுதிக் கிழித்தேன்.

நான்காவது மூச்சில் அம்மா வந்துவிடுகிறாள். பதினெட்டு வருஷத்துக்கு முந்தைய அந்தத் தை மாதக் காலை. மதியம் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நொடியில் போய்விட்டாள் என்று உன்னிடம் சொன்னேன். அது பொய்.

விடியற்காலையிலேயே அம்மாவுக்கு மூச்சு இரைத்தது. உன்னைக் கேட்டாள். அன்று நம் கடைமடைக் கழனிக்குத் தண்ணீர் முறை. விட்டால் மறுபடி எட்டு நாள். நாற்று நட்டு நிலம் வெடித்துக் கிடந்தது. காசியைச் சைக்கிளில் உன்னிடம் அனுப்பினால் தண்ணீர் திருப்ப ஆளில்லை. முறை முடியட்டும் என்று பதினொரு மணிக்குத்தான் அனுப்பினேன். அம்மா இரண்டு மணிக்குப் போனாள். நீ வந்தபோது விளக்கு வைத்திருந்தது. விடியலிலேயே அனுப்பியிருந்தால் நீ முகம் பார்த்திருப்பாய்.

இதைச் சொல்லாமல் இத்தனை புடவை அனுப்பினேன். மன்னிக்க முடியுமா என்று கேட்கவும் பயமாக இருக்கிறது. கேட்கிறேன்.

வேதாசலம்


தென்னேரி
19-2-1979

அண்ணாவுக்கு,

கடிதம் வந்து பத்து நாளுக்கு மேலாகிறது. பொங்கல் புடவையைக் கட்டவில்லை, பெட்டியில் வைத்துவிட்டேன். நீங்கள் கேட்டது இருக்கட்டும்.

எனக்கு ஒன்று வேண்டும். விடியலிலிருந்து இரண்டு மணி வரை அம்மா என்னென்ன பேசினாள்? ஒரு வார்த்தை விடாமல் எழுதுங்கள். பயமாக இருந்தால் எழுத வேண்டாம். பிறகு வேறெதுவும் எனக்கு எழுத வேண்டாம்.

ஜெயம்மாள்


உத்திரமேரூர்
28-2-1979

ஜெயம்மாளுக்கு,

இந்த ஒரு வாரமும் நான் எண்ணவில்லை. அம்மா வந்ததும் ஒன்றுக்குத் திரும்பாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன். கிடைத்தது இவ்வளவுதான்.

விடியலில், "மூச்சி அடைக்குதுடா. ஜெயாவ வரச் சொல்லு" என்றாள். சரி என்றேன்.

எட்டு மணிக்குக் கழனியிலிருந்து வந்தேன். "ஜெயா கெளம்பிட்டாளா?" என்றாள். யாரையும் அனுப்பாமலே, "கெளம்பிட்டாம்மா, வந்துகினு கீறா" என்றேன்.

பிறகு, "பஸ்ஸு வந்துச்சா?" என்று கேட்டாள். லேட் என்றேன்.

காசி போன பிறகு கண்ணை மூடியபடியே சொன்னாள்: "பசியோட வருவா. சோத்த எடுத்து வையி. கத்திரிக்கா கொயம்பு ஊத்திடாத, அவளுக்கு ஆவாது." அதற்கப்புறம் பேசவில்லை.

சோற்றை எடுத்து மூடி வைத்தேன். மறுநாள் அதை மாட்டுக்கு வைத்தேன்.

இதற்கு மேல் எனக்கு நினைவு இல்லை. ஏதாவது விட்டுப் போயிருந்தால் அது மறைத்ததல்ல.

வேதாசலம்


தென்னேரி
7-3-1979

அன்புள்ள அண்ணாவுக்கு,

கத்திரிக்காய் எனக்கு இப்போதும் ஆகாது. ஞாயிற்றுக்கிழமை காலைப் பஸ்ஸில் வருகிறேன். சோறு எடுத்து வையுங்கள்.

ஜெயம்மாள்