விண்கப்பலை இறங்கச் சொன்னவளுக்கு

நேற்று மாலை அடுப்படியில் நின்றிருந்தபோது முன்னறையிலிருந்து ஓர் இசை கேட்டது. கரண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். பழைய தொடர்களைத் தேடிப் பார்ப்பது என் மகளுக்கு ஒரு பைத்தியம்; அவள் கைபேசியில் நம்முடைய விண்கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. உடனே உனக்குச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. நீ கண்ணை மூடி ஆறு வருஷமாகிறது என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது.

இலங்கையில், நம் நமுனுகுலைத் தேயிலைத் தோட்டத்தில் சனிக்கிழமை சாயங்காலமானால் பெரிய கிளாக்கர் வீட்டு விறாந்தையில் டிவிப் பெட்டியை வெளியே பார்க்கத் திருப்பி வைப்பார்கள். லயத்து வரிசைவீடுகளின் சனம் கம்பளியைப் போர்த்திக்கொண்டு முற்றத்தில் உட்காரும். படமோ ஆங்கிலத்தில். பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்களின் பிள்ளைகளுக்குத் தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்த நீ, பதுளையில் எட்டாம் வகுப்புவரை படித்தவள். அதனால் கதை சொல்லும் வேலை உன் தலையில். வேறொரு கோளில் தலைமுறை தலைமுறையாகச் சுரங்கம் வெட்டிய சனத்தை அங்கிருந்து அனுப்பிவிடுகிறார்கள். பாட்டன் பூட்டன் வாழ்ந்த உலகத்தைத் தேடி அவர்கள் கப்பலில் அலைகிறார்கள்.

கப்பல் தலைவன் உன் வாயில் பெரிய துரை ஆனான். பட்டியல் வாசிக்கும் இயந்திர மனிதன் கணக்கப்பிள்ளை. காலையில் அவர்கள் வேலைக்குப் பேர் கொடுக்க வரிசையில் நின்றால், "பெரட்டுக்கு நிக்கிறாங்க" என்பாய். "அங்கயுமா பெரட்டு?" என்று என் அம்மா தலையில் அடித்துக்கொள்வாள். அது வேறு யாருடைய கதையோ என்று நம் லயத்தில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

தொடரின் அந்த வருஷத்துக் கடைசிப் பகுதி வந்த வாரம், இரண்டு நாட்டு ஒப்பந்தப்படி எங்களை இந்தியாவுக்கு ரயிலேற்றி அனுப்பவும் நாள் குறித்தாயிற்று. அவருக்கும் எனக்கும் பிள்ளைக்கும் இந்தியப் பாஸ்போர்ட். அம்மாவுக்கு மட்டும் இலங்கைப் பிரஜாவுரிமை. "கோச்சி வார அன்னைக்கு புள்ளயத் தூக்கிட்டு மலைக்குள்ள ஒளிஞ்சிக்குவேன். அங்க நம்மள யாருக்குத் தெரியும்? எறங்க விடுவாங்களா?" என்று உன்னிடம் மட்டும் சொல்லியிருந்தேன். ஒளிந்தால் இரண்டு நாடும் எனக்கு இல்லாமல் போகும் என்று தெரியும். ஆனாலும் பயம் விடவில்லை. நீ தொட்டிலை ஆட்டிக்கொண்டிருந்தாய்.

அந்தச் சனிக்கிழமை கப்பல் ஒருவழியாகப் பாட்டன் உலகத்தின் வாசலுக்கு வந்துவிட்டது. இறங்கலாமா என்று பெரிய துரை கேட்டார். கீழிருந்து ஒரு குரல் நாலைந்து சொல்லில் பதில் சொன்னது. அவர் முகத்தைப் பெரிதாகக் காட்டினார்கள். அதோடு முடிந்தது. முற்றம் முழுக்க உன் வாயைப் பார்த்தது.

"வாங்கன்னு சொல்லிட்டாங்க. எறங்கலாமாம்" என்றாய்.

சனம் கைதட்டியது. துரை முகம் ஏன் அப்படி வாடிக்கிடக்கிறது என்று யாரோ கேட்டார்கள். "சந்தோசத்துல வாயடைச்சுப் போச்சு" என்று சமாளித்தாய். மீதிக் கதையை நம் பெட்டியில் காட்டவேயில்லை. ஒளியும் நினைப்பை விட்டுவிட்டு, பத்தாம் நாள் நான் அவரோடும் பிள்ளையோடும் பதுளையில், பிரிகிறவர்களின் அழுகையால் ஒப்பாரிக் கோச்சி என்று பேரெடுத்த அந்த ரயிலில் ஏறினேன்.

நேற்று மகளிடம் அந்தக் கடைசிக் காட்சியைப் போடச் சொன்னேன். "இங்கே இடமில்லை, திரும்பிப் போங்கன்னு சொல்றாங்கம்மா" என்றாள். எட்டாம் வகுப்புக்காரிக்குப் புரியாத ஆங்கிலமா அது? என் வாழ்க்கையை வைத்து விளையாடிவிட்டாளே என்று உன்மேல் அப்படியொரு கோபம். பிறகுதான் ஒன்று உறைத்தது. அன்று அத்தனை பேர் கேட்டும், நீ என் முகத்தைப் பார்த்துத்தான் பதில் சொன்னாய். நான் ஒளிந்திருந்தால் உன் பக்கத்திலேயே இருந்திருப்பேன். உனக்கும் அங்கே என்னைவிட்டால் யார் இருந்தார்கள்? தெரிந்துதான் அனுப்பினாய், பாவி.

உனக்கு எழுதாத ஒன்று உண்டு. இந்தியக் கரையில் எங்களை யாரும் வாங்க என்று சொல்லவில்லை. காகிதத்தைப் பார்த்தார்கள், முகத்தைப் பார்க்கவில்லை. நீ வருத்தப்படுவாய் என்று, நல்லபடியாக வரவேற்றார்கள் என்றே கடிதம் போட்டேன்.

நாங்கள் வந்த அடுத்த வருஷம் இங்கே நீலகிரியில் கோத்தகிரிக்கு, நம்மைப் போலவே இலங்கையின் கொஸ்லந்தையிலிருந்து ஒரு குடும்பம் வந்தது. வாசலில் நின்றே அந்தப் பெண் கேட்டாள்: "நம்மள இங்க இருக்க விடுவாங்களாங்க?" எனக்கு எப்படித் தெரியும்? "விடுவாங்க, உள்ள வாங்க" என்று அவள் பெட்டியை வாங்கிக்கொண்டேன். அதற்குப் பிறகு வந்த ஒவ்வொருவருக்கும் அதையேதான் சொன்னேன். அது உன்னிடமிருந்து எடுத்த சொல். நீ சொன்னது பொய்யென்று நேற்றுவரை தெரியாது. இனி யாராவது வந்து நின்றாலும் அதைத்தான் சொல்வேன்.