உப்புக் கிடங்கின் காண்டாக்டரும் மரச்சுத்தியலும்

அனுப்புவது:
ம. வன்னியபெருமாள்,
எலெக்ட்ரிக் போர்மன்,
மில்லர்புரம், தூத்துக்குடி.

பெறுவது:
தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் அவர்கள்,
மதுரை.

விஷயம்: தென்துறை உப்புக் கம்பெனிக் கிடங்கில் மூட்டை தூக்கும் வின்ச் மோட்டாருக்குப் பொருந்தாத காண்டாக்டரை மாற்றக் கோருதல்.

கனம் ஐயா,

1. மோட்டாருக்கு மின்சாரத்தைச் சேர்ப்பதும் துண்டிப்பதும் காண்டாக்டர் என்னும் கருவி. மேற்படி கிடங்கில், தண்ணீர்ப் பம்புக்கென்று வாங்கியதை வின்ச்சுக்குப் பொருத்தியிருக்கிறார்கள். பம்பை நாளுக்கு இரண்டு முறை ஓட்டி நிறுத்துவார்கள். வின்ச்சை மணிக்கு நூறு முறை. அத்தனை முறை பொறி பறந்தால் சிறிய முனைகள் உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு பொத்தானை அழுத்தினாலும் மோட்டார் நிற்காது.

2. பெரிய முனையுள்ளதை வாங்கும்படி மூன்று முறை எழுதிக் கொடுத்தேன். மானேஜர் திரு. தேவபிரசாதம் சொன்ன பதிலை அப்படியே தருகிறேன்: "மோட்டாரும் பத்துக் குதிரைச் சக்தி, இதுவும் பத்துக் குதிரை. பெறவு என்னவே ஒமக்கு?" அவரும் நானும் இண்டர்மீடியட்டில் ஒரே பெஞ்சு. பௌதிகத்தில் அவர் இரு முறை தவறினார். விரோதத்தால் இதைக் குறிப்பிடவில்லை, நினைவிருக்கிறது, அவ்வளவே.

3. மார்ச் 3-ந் தேதி முனைகள் ஒட்டிக்கொண்டன. மூட்டை உச்சிக் கப்பியில் மோதி, கயிறு அறுந்து விழுந்தது. தைத்த கையோடு மூட்டையைக் கொக்கியில் மாட்டவேண்டியிருப்பதால், சாக்கு தைக்கும் பிலோமினா அந்தக் கப்பிக்கு நேர் கீழேதான் உட்காருவாள். அப்போது தண்ணீர் குடிக்கப் போயிருந்தாள். அவளுடைய தூக்குச்சட்டி நசுங்கியது. கம்பெனி புதுத் தூக்குச்சட்டி வாங்கிக் கொடுத்தது.

4. மேலும், கம்பெனி காண்டாக்டர் பெட்டியருகே ஒரு மரச்சுத்தியலுடன் என்னை உட்கார வைத்தது. மோட்டார் நிற்காதபோது பெட்டியில் ஓங்கி அடித்தால் முனைகள் பிரிந்துவிடும். "அண்ணாச்சி, நிக்கல! அடிங்க, அடிங்க!" என்று பிலோமினா கத்துவாள், அடிப்பேன். நாளுக்கு நான்கைந்து அடி. இருபத்திரண்டு வருஷ அனுபவமுள்ள போர்மனுக்கு வேறு வேலை கிடையாது.

5. தொண்ணூறு நாட்களாக விபத்து எதுவும் நேராததால் சுத்தியல் வேலை அவசியமற்றது எனக் கூறி, வரும் 16-ந் தேதி முதல் என்னை நீக்கியிருக்கிறார்கள். காண்டாக்டர் அதுவேதான். பிலோமினா உட்காரும் இடமும் அதுவேதான்.

6. எனக்கு வேலை கேட்டு இதை எழுதவில்லை. தாங்கள் 16-ந் தேதிக்கு முன் நேரில் பார்வையிட்டு, தக்க காண்டாக்டரைப் பொருத்தவும், அதுவரை வின்ச்சை நிறுத்தவும் உத்தரவிட வேண்டுகிறேன். சுத்தியலை ஒப்படைக்கும்படி எனக்கு நோட்டீஸ் வந்திருக்கிறது. அது கம்பெனிச் சொத்து என்பதை நான் மறுக்கவில்லை. தங்கள் உத்தரவு வரும்வரை அதை ஒப்படைப்பதாக இல்லை. 16-ந் தேதி காலையிலும், சம்பளமின்றி, அதே பெட்டியருகே உட்கார்ந்திருப்பேன்.

மேற்கண்டவை உண்மையென உறுதி கூறும்,
ம. வன்னியபெருமாள்

தூத்துக்குடி,
9-6-1947